கவசம் இல்லாமல் போர்க்களத்தில் ஓடும் வீரர்கள்: மீள்நடிப்புப் போர்களில் இவங்க வேலை என்ன?

ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. இரும்பு வளையச் சட்டை, ஹெல்மெட், கேடயத்தோடு இரண்டு கூட்டம் புல்வெளியில் மோதிக்கொள்ளும். பழைய ஐரோப்பியப் போர்களை நடித்துக் காட்டும் ‘ரீஎனாக்ட்மென்ட்’ நிகழ்ச்சிகள் இவை. கொஞ்சம் கவனிச்சா, வெறும் துணிச் சட்டையோடு வில்லும் கையுமாக ஓடுறவங்களும் தெரிவாங்க. கவசம் வாங்கக் காசு இல்லையா? சிலருக்கு அதுவும் உண்மைதான். ஆனா முக்கியக் காரணம் வேற.

வரலாறே அப்படித்தான்

1066 அக்டோபர் 14-ல் இங்கிலாந்தில் நடந்த ஹேஸ்டிங்ஸ் போரை எடுத்துக்கலாம். அது நடந்த இடத்தில் இப்போது இருக்கும் ஊருக்குப் பெயரே ‘பேட்டில்’. மீள்நடிப்பும் அங்கேதான் நடக்கும். நார்மண்டியின் வில்லியம் வில்லாளிகளை முன்னால் நிறுத்தினார். அடுத்து கவசக் காலாட்படை, கடைசியில் குதிரைப்படை. இந்தப் போரைத் துணியில் தையல் படமாகச் சொல்லும் பேயூ சித்திரத்தில், நார்மன் வில்லாளிகள் பெரும்பாலும் கவசம் இல்லாமலேயே இருக்காங்க. ஆங்கிலேயர் பக்கம் தெரிவது ஒரே ஒரு வில்லாளி!

ஆக, எல்லாருக்கும் இரும்புச் சட்டை மாட்டிவிட்டால் அது சினிமா, வரலாறு இல்ல. வில்லாளி, எறி ஈட்டிக்காரர், கிராமத்திலிருந்து திரட்டி வந்த ஈட்டி வீரர்... இவங்களுக்கு அதிகபட்சம் துணி அடுக்கித் தைத்த தடித்த மேல்சட்டைதான். வளையச் சட்டையோ 10 கிலோவைத் தாண்டும். அதைப் போட்டவரால் இவங்களைத் துரத்திப் பிடிப்பது கஷ்டம்.

அடி பட்டால்?

நிஜமான சிக்கல் இங்கதான். அதனால விதிகளில் பெரும்பகுதி கவசம் குறைந்தவரை மனதில் வைத்தே எழுதப்படுது. வாள், ஈட்டி எல்லாம் மழுங்கியவை. அடியை ஓங்கினாலும் கடைசி நொடியில் வேகத்தைக் குறைக்கணும். முகத்தில் குத்தக் கூடாது.

வில்லுக்கு இன்னும் கட்டுப்பாடு. 1545-ல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ கப்பலில் கிடைத்த போர் விற்களை இழுக்க 100 பவுண்டுக்கு மேல் விசை தேவை என்பது கணிப்பு. மீள்நடிப்பில் சுமார் 30 பவுண்டுதான். அம்பு முனையில் ரப்பர் குமிழ் இருக்கும்.

அமெரிக்காவில் 1966-ல் தொடங்கிய எஸ்சிஏ அமைப்பில் விதி வேற மாதிரி. அங்கே வாள் என்பது பிரம்புதான், ஆனா அடி நிஜமாகவே விழும். அதனால வில்லாளிக்கும் கம்பி வைத்த ஹெல்மெட் கட்டாயம். அம்பு முனை அந்தக் கம்பி இடைவெளியைவிடப் பெரிசா இருக்கணும், கண்ணுக்குள் போகக் கூடாது இல்லையா? இரும்பு ஆயுதத்தால் முழு வேகத்தில் மோதும் ‘பூஹர்ட்’ போட்டியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை; முழுக் கவசம் இல்லாதவருக்கு அனுமதி கிடையாது.

சண்டை முடிந்ததும் வில்லாளிகளுக்கு இன்னொரு வேலை இருக்கு. புல்லில் கிடக்கும் அம்புகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்து விரிசல் இருக்கான்னு சோதிக்கணும். சந்தேகம் வந்தால் அந்த அம்பு அடுத்த சண்டைக்குப் போகாது.