தென்னாப்பிரிக்க உரிமைப் போரில் தம்பி நாயுடு

தென்னாப்பிரிக்கா என்றவுடன் காந்தியடிகளும் நெல்சன் மண்டேலாவும் நம் நினைவிற்கு வருகின்றனர். அவ்விரு பெருமக்களின் காலங்களையும் இணைத்து நின்ற ஒரு குடும்பத்தை நம் மாணவர்கள் அறிதல் வேண்டும். அதுவே தம்பி நாயுடுவின் குடும்பம்.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஏறத்தாழ 1,52,000 இந்தியர் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். நமது பழைய வட ஆற்காடு மாவட்டத்தினர் அவர்களுள் பலர். தாழ்த்தப்பட்ட மக்களும் பலர். கப்பற் பதிவேட்டில் அவர்தம் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன எழுதப்பட்டன. கடல் கடந்தும் சாதி அவர்களை விடவில்லை. ஏட்டிலேறி உடன் சென்றது.

ஒப்பந்தம் ஐந்தாண்டு. முதலாண்டின் மாதக் கூலி பத்து ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாது அங்கேயே வாழ விரும்பினால் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி செலுத்த வேண்டுமென 1895-இல் சட்டம் வந்தது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். அஃதாவது முதலாண்டுக் கூலியின்படி ஆறு மாத உழைப்பு! வரி கட்ட இயலாதவன் மீண்டும் ஒப்பந்தத்திற்குள் விழவேண்டும் என்பதே இதன் உட்கருத்து.

தம்பி நாயுடு 1875-இல் மொரீசியசுத் தீவில் பிறந்தார். ஜோகானஸ்பர்க் நகரில் வணிகம் செய்து வாழ்ந்தார். அவர் பள்ளிக் கல்வி பெறாதவர். எனினும் பல மொழிகளைப் பேச வல்லவர். முன்கோபம் அவர்தம் குறை எனக் காந்தியடிகள் எழுதியுள்ளார். 1907-இல் ஆசியர் அனைவரும் கைரேகை பதிந்து அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்து மறியல் நடத்தினார்; சிறை சென்றார். 1908 ஜனவரியில் சிறையிலிருந்து ஸ்மட்ஸுக்கு எழுதப்பட்ட உடன்படிக்கைக் கடிதத்தில் காந்தியடிகள், சீனர் தலைவர் லியுங் குவின் ஆகியோருடன் கையொப்பமிட்ட மூன்றாமவர் இவரே. அடுத்த மாதம் காந்தியடிகள் தாக்கப்பட்டபோது உடனிருந்து அடிபட்டவரும் இவரே.

1913-இல் போராட்டம் தொழிலாளரிடையே பரவியது. தம்பி நாயுடுவின் மனைவியார் உள்ளிட்ட பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை எழுப்பினர். தம்பி நாயுடுவும் அங்கே உழைத்தார். அக்டோபரில் வேலைநிறுத்தம் மூண்டது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. பின்னர்ச் சிறை சென்ற வள்ளியம்மை நோயுற்று, 1914 பிப்ரவரி 22-இல் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே தலைவரி ஒழிந்தது. படிப்பறிவற்ற கூலிகள் என இகழப்பட்டோர் வேலையை நிறுத்திப் பெற்ற வெற்றி அது.

காந்தியடிகள் 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். தம்பி நாயுடு அங்கேயே வாழ்ந்து 1933-இல் மறைந்தார். அவர் மகன் நாராயணசாமி 1946-இன் அறப்போராட்டத்தில் ஈடுபட்டார். பேரர் இந்திரேஸ் நாயுடு 1963-இல் கைதாகி, மண்டேலா இருந்த ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டு கழித்தார். பேர்த்தி சாந்தி நாயுடு 1969-இல் சிறைப்பட்டபோது, வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்ல மறுத்துத் தனிமைச் சிறையை ஏற்றார். 1994-இல் நிறவெறி ஆட்சி வீழ்ந்தது. மூன்று தலைமுறை உழைத்த பயன் அது.

இவ்வரலாறு நமக்கு எதற்கு? டிரான்சுவாலில் நடைபாதையில் இந்தியர் நடக்கலாகாது என்றனர். அதே காலத்தில் நம் நாட்டில் நம்மவர் பல தெருக்களில் நடக்கலாகாது என்றனர். ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்து 1921-இல் திரும்பிய இரட்டைமலை சீனிவாசனார், 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் கிணறும் குளமும் அனைவர்க்கும் உரியன எனத் தீர்மானம் நிறைவேறச் செய்தார். அங்கு நிறத்தின் பேரால் இழிவுபட்ட இந்தியன், இங்கு சாதியின் பேரால் பிறனை இழிவு செய்வது முறையாகுமா? இக்கேள்வி இன்றும் விடையின்றி நிற்கிறது.

தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டியருகே நின்று உழைத்த பெற்றோரின் பிள்ளைகள் பட்டம் பெறுவதற்கு நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகத் துணை நிற்கிறது. பட்டம் பெற்ற இளைஞர்களே! உங்கள் பாட்டனார்களின் கதைகளைக் கேட்டு எழுதி வையுங்கள். அன்று நம் பெயரைக் கப்பல் எழுத்தர் எழுதினார். இனி நம் வரலாற்றை நாமே எழுதுவோம்.