தோளில் ஏறிய துண்டு

தூத்துக்குடியின் புகழைப் பாடுவோர் முத்தைப் பாடுவர், உப்பைப் பாடுவர், வ. உ. சிதம்பரனார் ஓட்டிய கப்பலைப் பாடுவர். பருத்தியைப் பாடுவோர் சிலரே. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, அங்கிருந்து இங்கிலாந்தின் ஆலைகளுக்குச் சென்ற பருத்தி தடைப்பட்டது. விலை ஏறிற்று. நம் கரிசல் காட்டுப் பருத்தி வண்டி வண்டியாகத் தூத்துக்குடிக்கு வந்து கப்பலேறிற்று. அந்தப் போரின் வேர் எது? மனிதனை மனிதன் விலைக்கு வாங்கலாம் என்ற கொடுமையே!

போர் முடிந்தது, அடிமை முறையும் சட்டத்தில் ஒழிந்தது. ஆனால் விடுதலை பெற்ற கருப்பின மக்களுக்கு நிலமில்லை. பழைய எசமானனின் பருத்திக் காட்டிலேயே வாரத்துக்கு உழுதனர், கடனில் மூழ்கினர். வயலில் ஒருவன் குரல் எடுக்க, மற்றவர் எதிர்க்குரல் கொடுக்க, அந்த வேதனையிலே பிறந்தது ஓர் இசை. ‘ப்ளூஸ்’ என்று உலகம் அதனை அழைக்கிறது. 1920-இல் மாமி ஸ்மித் என்ற கருப்பினப் பெண்மணி பாடிய இசைத்தட்டு பெருவாரியாக விற்றது. வணிகர் விழித்துக் கொண்டனர், இசைத்தட்டுகள் குவிந்தன. அந்த இசையின் பேரரசி எனப் போற்றப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் மறைந்தார். அவர் புதைகுழியின்மீது பெயர் பொறித்த கல் நடப்பட்ட ஆண்டு எது தெரியுமா? 1970! பாட்டுக்கு மாளிகையிலே இடம். பாடியவளுக்கு ஒரு கல்லும் இல்லை, முப்பத்து மூன்று ஆண்டுகள்!

அயல்நாட்டுக் கொடுமை என்று பெருமூச்செறிந்து நகர்ந்துவிட நமக்கு உரிமை உண்டா? நம் வீட்டுத் திண்ணையைப் பார்ப்போம்.

நாகசுரம் மங்கல இசையாம். அது முழங்காமல் தாலி ஏறாது, தேர் நகராது. ஆனால், அந்த மங்கலத்தை ஊதியவன் எப்படி நடத்தப்பட்டான்? மேலாடை அணியக் கூடாது. தோளில் துண்டு போடக் கூடாது. அதை இடுப்பிலே கட்ட வேண்டும். ஊர்வலத்தில் கால் கடுக்க நடந்து ஊத வேண்டும். வாய்ப்பாட்டுக்காரருக்கு மேடை, நாகசுரக்காரருக்குத் தெரு! இசை மங்கலம், இசைத்தவன் தாழ்ந்தவன். இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி 1930-ஐ ஒட்டிய காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் வீதிக்கே வந்தது. திருமண ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டோடு வாசித்து வந்தார். துண்டை எடுக்கச் சொல்லி உறுமினர் சாதிச் செருக்கர். உடன் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. எடுக்காதீர், வாசியுங்கள் என்றார் அவர். துண்டு தோளிலேயே இருந்தது. முழத்துணிதான், ஆயினும் மானத்தின் கொடி அது!

திருக்குவளையில் 1924-இல் பிறந்த ஒரு சிறுவனும் இசை பயிலச் சென்றான். சட்டை கூடாது, துண்டு இடுப்பில் இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அவன் நெஞ்சைச் சுட்டது. பயிற்சியில் மனம் ஒட்டவில்லை. அச்சிறுவனே பின்னாளில் தமிழகத்தின் முதலமைச்சரான கலைஞர் கருணாநிதி.

1898-இல் பிறந்த திருவாவடுதுறை இராசரத்தினம் வேறொரு வழியில் போர் தொடுத்தார். தலையிலே கிராப்பு, உடம்பிலே கோட்டு, கச்சேரிக்கு மேடை! வித்துவான் என்றால் சமமாக நடத்து என்று கேட்டது அவர் நிமிர்ந்த தலை.

அவரிடம் பயின்றவர் காருகுறிச்சி அருணாசலம். 1921-இல் நெல்லைச் சீமையில் பிறந்து, கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது அவ்வூர். அன்று பருத்தி வண்டிகள் புறப்பட்ட அதே கரிசல்! 1962-இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். சானகியின் குரலோடு அவர் நாகசுரம் போட்டியிட்டு ஓடியதைக் கேட்டு நாடே மயங்கிற்று. இரண்டே ஆண்டுகளில், 1964-இல், அவர் மறைந்தார். நாற்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே வாழ்ந்த அந்த மூச்சு இன்றும் மணப்பந்தல்களில் ஒலிக்கிறது.

ஆயினும், காருகுறிச்சியார் பெயரைச் சொல்லுகிற நாம், அவர் பின்னே நின்றோர் பெயரைச் சொல்ல முடியுமா? மேளம் தனியொருவன் முயற்சியன்று. வலக்கை விரல்களில் கூடு மாட்டி, இடக்கையில் கோல் பிடித்துத் தவில் முழக்குகிறவர் ஒருவர். சின்னஞ்சிறு தாளத்தால் கச்சேரியையே கட்டிக் காப்பவர் ஒருவர். ஒரே சுரத்தை மூச்சு அறாமல் ஊதி ஒத்துப் பிடித்தவர் ஒருவர். இன்று அவர் இடத்தில் சுருதிப்பெட்டி இருக்கிறது. இராசரத்தினத்திற்கு நீண்ட பாரி நாகசுரத்தைக் கடைந்து தந்தவர் நரசிங்கம்பேட்டை அரங்கநாத ஆசாரி. அவ்வூர் நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் கடையும் கைக்குக் கிடைத்தது என்ன?

இவர்களுக்கும் கீழே ஒரு படி வைத்தது சமுதாயம். இராசமேளம் என்றும், நையாண்டி மேளம் என்றும் பிரித்தது. கரகத்துக்கு ஊதுபவரும், பம்பை அடிப்பவரும் கொடை முடிந்ததும் மறக்கப்படுகின்றனர். ஒடுக்கப்பட்டவனும் தனக்குக் கீழ் ஒருவனைத் தேடுகிறானே, அதுதான் சாதி என்னும் ஏணியின் சூழ்ச்சி!

குலவித்தை தானாக வரும் என்பர் சிலர். தானாக வருமெனில் விடியுமுன் எழுந்து சாதகம் செய்வானேன்? உதடு வெடிக்க ஊதுவானேன்? உழைப்பைப் பிறப்பின் கணக்கில் எழுதுவது, கூலியைக் குறைப்பதற்கு நல்ல தந்திரம்.

இளைஞர்களே! நம் வீட்டுத் திருமணங்களில் மேளத்தாருக்கு நாற்காலி போடுவோம். நம்மோடு ஒரே பந்தியில் அமர்த்துவோம். பேசிய தொகையைக் குறைக்காமல் கொடுப்போம். தவில்காரரின் பெயரை, தாளக்காரரின் பெயரை, பம்பைக்காரரின் பெயரைக் கேட்டு அழைப்பிதழிலே அச்சிடுவோம். பெஸ்ஸி ஸ்மித்தின் கல்லுக்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஆயின. நம் கலைஞருக்கு அவர் வாழும்போதே பெயர் வேண்டும். தோளில் ஏறிய துண்டு, மேளத்தின் கடைசி ஆள் தோளிலும் ஏறட்டும்!