உலோகத்தில் தொற்றுவது

‘தொற்று’ என்னும் வினைக்கு நோய் பரவுதல் மட்டுமன்றிப் பற்றிக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. ஓடும் பேருந்தின் படியில் தொற்றிக்கொள்கிறோம். எலும்பியல் அறுவை மருத்துவத்தின் வரலாற்றைப் படிக்கையில், அத்துறை இந்த இரண்டாம் பொருளை வந்தடைய ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று என்று தோன்றுகிறது.

1865 ஆகஸ்டில் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனின் புண்ணை ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியால் மூடினார். எலும்பு முறிந்து தோலும் கிழிந்தால் காலையே வெட்டியெறிந்த காலம் அது. சிறுவன் தன் காலுடன் வீடு திரும்பினான். 1877இல் லிஸ்டர் உடைந்த முழங்காற்சில்லை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். எனினும் அவருடைய போர் புண்ணோடுதான். கம்பியின் பரப்பு இன்னும் யாருடைய கவனத்திலும் இல்லை.

அதைக் காட்டியது, எலெக், கோனன் இருவரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு. தன்னார்வலர் தோலில் சீழ்பிடிக்கப் பல லட்சம் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளைச் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு பட்டுத் தையல் நூல் உள்ளே இருந்தபோது சில நூறே போதுமாயின. கிருமி அதேதான், அதற்கொரு பிடிமானம் கிடைத்துவிட்டது.

இடுப்பு மூட்டு மாற்றின் முன்னோடி ஜான் சார்ன்லி காற்றையே ஐயுற்றார். தூய்மைப்படுத்திய காற்று, உடை, கையுறை, தையல் எனப் பல திருத்தங்களால் சுமார் 7 விழுக்காடாக இருந்த தொற்றை 1 விழுக்காட்டுக்கும் கீழே கொணர்ந்தார். ஹாம்பர்க்கின் புக்ஹோல்ஸ் வேறு வழி கண்டார்: மூட்டைப் பதிக்கும் எலும்புச் சிமெண்டிலேயே ஜென்டாமைசினைக் குழைத்தார். சிமெண்ட் இறுகும்போது எழும் வெப்பத்தையும் தாங்கக்கூடிய மருந்து அது. 1970இல் இம்முறை வெளியாயிற்று.

1987இல் அந்தோனி கிரிஸ்டினா இதனை ஓட்டப்பந்தயமாக உருவகித்தார். பொருத்திய உலோகத்தின் பரப்பை முதலில் அடைவது உடலின் உயிரணுவா, பாக்டீரியாவா என்பதே வினா. பாக்டீரியா முந்தினால் தன்னைச் சுற்றி ஒரு படலம் பின்னிக்கொள்ளும். குருதிவழி வரும் மருந்து அதனிடம் பெரும்பாலும் தோற்கும். பிறகு உலோகத்தையே அகற்ற நேரும், சிலருக்குக் காலையே இழக்கவும் நேரும்.

சிமெண்ட் இன்றிப் பொருத்தும் ஆணிகளுக்கு மருந்தை உலோகத்தின் மேலேயே பூசவேண்டியதாயிற்று. ஐரோப்பாவில் ஜென்டாமைசின் பூசிய கணைக்கால் எலும்பு ஆணிகள் வந்தன. ஜெர்மனியில் எலும்புப் புற்றுநோயாளருக்கான பெருமூட்டுகள் வெள்ளி பூசிக்கொண்டன (லிஸ்டரின் கம்பியும் வெள்ளிதான், வேறு காரணத்துக்காக). ஜப்பானின் கனசாவாவில் அயோடின். கிருமியைக் கொல்லும் பூச்சு எலும்பணுவையும் கொன்றால் பந்தயத்தில் ஓட ஆளே இராது என்பது இவை அனைத்துக்கும் பொதுவான இடர்.

மருந்துப் பூச்சுக்கு மட்டும் இன்னோர் இடர் உண்டு. முதல் நாட்களில் வெள்ளமாய் வெளிவரும் மருந்து பின்னர்ச் சொட்டாகக் கசிகிறது. கொல்லப் போதாத அந்த அளவில் கிருமி பழகிக்கொள்ளக்கூடும். நோயாளிகளிடமிருந்து அகற்றிய ஜென்டாமைசின் சிமெண்டின் மேலேயே, ஜென்டாமைசினுக்கு அடங்காத பாக்டீரியா தொற்றியிருக்கக் கண்டிருக்கிறார்கள்.