பெயர்த்தகடு காக்கும் உண்மை



காஞ்சியில் வாழும் நமக்கு எழுத்தின் அருமை தெரியும். எட்டாம் நூற்றாண்டில் இந்நகரைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனின் கன்னடக் கல்வெட்டு கயிலாசநாதர் கோயில் தூணொன்றில் இன்றும் நிற்கிறது. மாற்றான் எழுத்தென்று எவரும் அதைச் செதுக்கி எறியவில்லை.

பழைய காருக்கும் அத்தகைய சாசனம் உண்டு. முகப்புப் பலகையிலோ எஞ்சின் அறைச் சுவரிலோ அறைந்திருக்கும் சிறு தகடே அது. 1948-இல் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டித் தந்தது. 1955-இல் அது அசோக் லேலண்டு ஆயிற்று; கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன. அந்தக் கார்களின் பிறப்புக்கு இன்று அத்தகடே சாட்சி.

நம் பங்கைச் சேர்ந்த ஒருவர், தம் தந்தையின் காரைப் புதுப்பிக்கையில், மங்கிய தகட்டை எறிந்துவிட்டுப் பளபளக்கும் புதுத்தகடு பொருத்த எண்ணினார். நாம் தடுத்தோம். ஏடு பழுத்ததென்று ஞானஸ்நானப் பதிவேட்டைப் புதிதாய்ப் புனைவோமா? உப்புத்தாளால் தேய்த்தால் எண்ணே அழிந்துபோகும். சோப்பு நீரும் மெல்லிய பருத்தித் துணியும் போதும். எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும். 2021-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதியும், ஐம்பதாண்டு கடந்து, பெரிதும் மாற்றப்படாத வண்டிக்கே பழம்பெருமைத் தகுதி அளிக்கிறது.

அவர் தகட்டைத் துடைத்தார். தந்தையின் கார் தந்தையின் காராகவே நிலைத்தது. ஜூபிலி காணும் நாமும் பழமையைத் துடைத்துக் காப்போம். புனைந்து மெருகிட வேண்டாம்.