கூறு செய்வோரும் முழுமை காண்போரும்: தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு தொழில் வரலாற்று நோக்கு

முன்னுரை

மலேசியத் தமிழரின் உழைப்பு வரலாறு பெரும்பாலும் தோட்டத்தோடு தொடங்கித் தோட்டத்தோடு முடிவதாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. தோட்டத்தை விட்டு வெளியேறிய தலைமுறை எத்தொழிலை நாடிச் சென்றது, அத்தொழிலில் அது செய்த பொருள் யாருக்கு உரியதாயிற்று என்னும் வினாக்களும் அவ்வரலாற்றின் பகுதியாக வேண்டும். இக்கட்டுரை அவ்வினாக்களை ஒரு சிற்றூரிலிருந்து எழுப்ப முற்படுகிறது.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் வட மாவட்டத்தில், பட்டர்வொர்த்திலிருந்து பாடாங் பெசார் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த ஊர் தாசேக் கெலுகோர். இரப்பர்த் தோட்டங்கள் சூழ வளர்ந்த இவ்வூருக்கு ஒரு புறம் பிறை, பாயான் லெப்பாஸ் ஆகிய மின்னணுத் தொழில் வட்டாரங்கள் எட்டும் தூரத்தில் உள்ளன. இவ்வட்டாரத்தின் உழைப்பு வரலாற்றை ஒரு முனையாகவும், சென்னையில் தோன்றித் தென்காசி வரை பரவிய மென்பொருள் கூறுத் தொழிலை மறு முனையாகவும் வைத்து நாம் நோக்கவிருக்கிறோம். ஒரு பொருளின் கூறுகளைச் செய்வோர் அதன் முழுமைக்கு உரியவராவது எவ்வாறு என்பதே இரண்டையும் இணைக்கும் வினா.

தோட்டமும் தொழிற்சாலையும்

19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கொணரப்பட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கங்காணி முறையில் ஆள்சேர்ப்பு தொடர்ந்தது. உதவி பெற்றுவரும் தொழிலாளர் குடிபெயர்வுக்கு 1938இல் இந்திய அரசு தடை விதித்தது. பால்மரம் சீவிய கைகள் இரப்பர்த் தகடு வரையிலுமே பொருளைக் கண்டன. தகடு கப்பலேறிய பின் அது சக்கர உருளியாகவும் காலணியாகவும் மாறியது வேறு நாடுகளில். பாலின் விலையை முடிவு செய்தோரைச் சீவியவர் கண்டதில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தோட்டத் துண்டாடல் பெருகியது. நிலம் கைமாறியபோது தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். இதற்கு மறுமொழியாக 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் தோட்டங்களை வாங்குவது அதன் திட்டம். கூலியை உயர்த்துவதோடு நில்லாது உடைமையையே நோக்கிய முயற்சி அது என்பது ஈண்டு நினைவில் கொள்ளத்தக்கது.

அடுத்த மாற்றம் விரைவில் வந்தது. 1969இல் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் அமைந்தது. அவ்வாண்டு முதலமைச்சரான துன் லிம் சொங் இயூவின் காலத்தில், 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் பொருத்துத் தொழிற்சாலையை அதே ஆண்டில் பினாங்கில் நிறுவியது. நுண்ணோக்கியின் வழியே மயிரினும் மெல்லிய பொற்கம்பியைச் சில்லில் பொருத்தும் வேலைக்கு இளம்பெண்கள் பெருந்தொகையினராகச் சேர்க்கப்பட்டனர். தொழிற்சாலைப் பேருந்தும் இரவு முறைவேலையும் கம்பங்களிலும் தோட்டங்களிலும் பழகிப்போயின. 1985இல் திறக்கப்பெற்ற பினாங்குப் பாலம் பெருநிலத்தையும் தீவையும் மேலும் நெருக்கியது.

தோட்டத்தோடு ஒப்பிட இவ்வேலை பெண்களுக்குத் தம் பெயரில் ஊதியம் தந்தது; அதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் சில்லின் வடிவமைப்பும் வணிகப் பெயரும் விற்பனையும் பிறிதோரிடத்தில் இருந்தன. பிற்காலத்தில் பொறியியல் வடிவமைப்புப் பணிகள் பினாங்குக்கு வந்தன. 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையமும் அமைந்தது. அவை ஏணியின் சில படிகள். உடைமையென்னும் படி அவற்றுக்கும் மேலே இருந்தது.

மென்பொருள் கூறு என்னும் கருத்து

பாயான் லெப்பாஸில் முதற்சில்லுகள் பொருத்தப்படுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1968இல், ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நேட்டோ அமைப்பின் ஆதரவில் மென்பொருள் பொறியியல் மாநாடு ஒன்று கூடியது. அதில் டக்ளஸ் மெக்கில்ராய், பெருந்தொகையாக ஆக்கப்படும் மென்பொருள் கூறுகள் என்னும் கருத்தை முன்வைத்தார். மின்னணுப் பொறியாளர் பட்டியலைப் பார்த்துத் தமக்கு வேண்டிய உறுப்பைத் தெரிவு செய்வதுபோல, நிரலாளரும் ஆயத்தக் கூறுகளைத் தெரிவு செய்து பொருத்த வேண்டும் என்பது அவர் வாதம்.

இக்கருத்து சந்தையாக வளரக் காலமாயிற்று. மைக்ரோசாஃப்டின் விசுவல் பேசிக் 1991இல் வெளிவந்த பின்னரே, திரையில் அட்டவணை, வரைபடம், நாட்காட்டி முதலியவற்றைக் காட்டும் ஆயத்த நிரல்களை விற்கும் சிறு நிறுவனங்கள் பெருகின. இத்தொழிலில் வாங்குபவரும் நிரலாளரே. ஆகவே கூறோடு விளக்க நூலும் மாதிரி நிரலும் சேர்ந்தே விலையாகின்றன. ஒரு செயற்கூறின் பெயரை ஒருமுறை வெளியிட்டுவிட்டால் அதை எளிதில் மாற்ற இயலாது. அதை நம்பிப் பல நாடுகளில் எழுதப்பட்ட நிரல்கள் உடனே பழுதாகும். இவ்வாறு கூறு செய்பவர், தாம் ஒருபோதும் காணாத மென்பொருள்களுக்குப் பொறுப்பாளராகிறார். இறுதிப் பயனாளரோ அவர் பெயரை அறியார்.

சென்னையில் ஒரு கூறு நிறுவனம்

இத்தொழிலில் தமிழர் ஈடுபட்ட வரலாற்றுக்கு அட்வென்ட்நெட் நிறுவனம் சிறந்த சான்று. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996இல் தொடங்கிய இந்நிறுவனத்தின் உருவாக்கப் பணி சென்னையில் நடைபெற்றது. பிணையங்களைக் கண்காணிக்கும் மென்பொருளை எழுதுவதற்கான ஜாவா நிரற்கூறுகளே அதன் தொடக்கக் காலப் பொருள்கள். தொலைத்தொடர்புக் கருவி செய்வோர் அவற்றை வாங்கித் தம் மென்பொருளுக்குள் பொருத்திக்கொண்டனர். 2001இல் வட கரோலினாவை இடமாகக் கொண்டு தொடங்கிய சின்ஃபியூஷன் நிறுவனமும் இடைமுகக் கூறுகளைச் சென்னையில் உருவாக்கி உலகெங்கும் விற்று வருவது இத்துறையில் அந்நகர் பெற்ற இடத்தைக் காட்டும்.

கூறு நிறுவனத்தில் ஒரு நாள் வேலை என்பது புதிய நிரல் எழுதுவதோடு முடிவதன்று. வாடிக்கையாளரின் பிழை முறையீட்டைப் படிப்பதும், அப்பிழையைத் தம் கணினியில் மீண்டும் நிகழச் செய்து பார்ப்பதும், அமெரிக்கப் பகலுக்கு ஏற்பச் சென்னை இரவில் மறுமொழி எழுதுவதும் அதில் அடங்கும். வலைப் பணி வளர்ந்தபோது இச்சுமை பன்மடங்காகியது. 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6க்கும் 2004இல் வந்த ஃபயர்ஃபாக்ஸுக்கும் ஒரே பக்கம் ஒரே வகையில் தோன்றுவதில்லை. கூறு ஒவ்வோர் உலாவியிலும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியதாயிற்று.

2000, 2001 ஆண்டுகளில் இணையத் தொழிலும் தொலைத்தொடர்புத் தொழிலும் சரிந்தபோது, கருவி செய்வோரை நம்பியிருந்த அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர் தொகை பெரிதும் சுருங்கியது. பிறர் செய்யும் முழுமைக்குக் கூறு வழங்குபவரின் நிலை எத்துணை மெலிந்தது என்பதை அச்சரிவு புலப்படுத்திற்று. நிறுவனம் அதன்பின் முழுப் பொருளை நேரே பயனாளருக்கு வழங்கும் வழியைத் தேர்ந்தது. மேனேஜ்எஞ்சின் என்னும் பெயரில் நிறுவனங்களுக்கான மேலாண்மைக் கருவிகள் வந்தன. 2005இல் உலாவிக்குள்ளேயே ஆவணம் எழுத உதவும் சோஹோ ரைட்டர் வந்தது. பக்கத்தை முழுமையாக மீண்டும் ஏற்றாமல் வேண்டிய பகுதியை மட்டும் மாற்றும் நுட்பத்துக்கு அஜாக்ஸ் என்னும் பெயர் ஏற்பட்டதும் அதே ஆண்டில்தான். 2009இல் நிறுவனமே சோஹோ கார்ப்பரேஷன் எனப் பெயர் மாறியது. வெளியார் முதலீட்டைப் பெறாது தன் வருவாயிலேயே அது வளர்ந்தமையால், முழுப் பொருளின் உடைமை அதனிடமே நின்றது.

பயிற்சியும் சிற்றூரும்

இம்மாற்றத்தோடு இணைந்தது ஆள்சேர்ப்பு முறை. 2000களின் நடுப்பகுதியில் இந்நிறுவனம் பள்ளியிறுதி முடித்தவர்களையும் பட்டயம் பெற்றவர்களையும் சேர்த்து, கட்டணமின்றி உதவித்தொகையோடு நிரலாக்கம் பயிற்றும் பள்ளியைத் தொடங்கியது. 2011இல் தென்காசிப் பகுதியில் அலுவலகம் திறந்தது. வாடிக்கையாளர் உதவிக்கான சோஹோ டெஸ்க் என்னும் மென்பொருள் அங்கு உருவாகி 2016இல் வெளிவந்தது. மாநகரில் ஆகும் பொருளுக்கு உதிரி செய்யும் கிளையாக நில்லாது, ஒரு முழுப் பொருளுக்கே சிற்றூர் பிறப்பிடமாயிற்று என்பதே இதன் சிறப்பு.

எனினும் தோட்ட வரலாற்றை அறிந்த நாம் இதை எச்சரிக்கையோடும் நோக்க வேண்டும். தோட்டத்தில் வீடும் பள்ளியும் மருந்தகமும் நிர்வாகத்தின் கையிலேயே இருந்தன. வேலை போனபோது அனைத்தும் போயின. கல்வியையும் வேலையையும் ஒரே நிறுவனம் தருமிடத்தில், பட்டமில்லாத இளைஞர் வேறிடம் செல்ல விரும்பினால் அவர் திறன் ஏற்கப்படுமா என்னும் கேள்வி எழுகிறது. நிறுவனத்தின் உடைமை வேறு, உழைப்பவரின் உடைமை வேறு. கூட்டுறவுச் சங்கம் நாடியது பின்னதையே.

முடிவுரை

நம் நாட்டுத் தமிழர் மென்பொருள் கூறு ஆக்கத்தில் பின்தங்கியவர் அல்லர். முத்து நெடுமாறன் 1980களில் தொடங்கி வளர்த்த முரசு அஞ்சலின் விசைப்பலகை முறைகளும் எழுத்துருக்களும் பிற மென்பொருள்களுக்குள் தமிழை இயங்கச் செய்த கூறுகளே. அவருடைய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிகளோடு சேர்ந்தே வழங்கப்பட்டது. உடைமையைக் கைவிடாது கூறு செய்ய இயலும் என்பதற்கு இது நம் மண்ணிலேயே கிடைக்கும் சான்று.

மேற்கண்டவற்றிலிருந்து தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களுக்கு ஒரு கருத்துப் பெறப்படுகிறது. எஸ்.பி.எம். தேர்வு முடித்து நிற்கும் தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைக்குக் கணினிப் பயிற்சி வேண்டும் என்பதில் ஐயமில்லை. அப்பயிற்சி ஒரு கூறினைப் பொருத்தும் திறனோடு நின்றுவிட்டால், நுண்ணோக்கிக்குப் பதில் கணினித் திரை வந்தது என்பதற்கு மேல் மாற்றம் இராது. பொருளின் முழுமையைத் திட்டமிடவும், அதன் கணக்கைப் பார்க்கவும், பிறரோடு கூடி அதற்கு உரிமை பெறவும் கற்பிக்கும் பயிற்சியே தேவை. சிறுகச் சிறுகப் பங்குப் பணம் சேர்த்து நிலத்தை வாங்க முனைந்த தலைமுறை அந்த மூன்றாவது பாடத்தை நமக்கு முன்னரே தொடங்கிவைத்துள்ளது. அதை மென்பொருள் தொழிலிலும் தொடர்வது கல்வியாளரும் சமூக இயக்கங்களும் ஏற்க வேண்டிய பணியாகும்.