சென்னையும் லண்டனும்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஒட்டன்சத்திரம். மக்கள் கால்நடையாகப் பயணம் செய்த காலத்தை நினைவூட்டும் பெயர் அது. எத்தனை நாளில் ஊர்போய்ச் சேரலாம் என்பது அன்று நடையின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. வழியில் எத்தனை சத்திரங்களில் தங்கினோம் என்பதையும் பொறுத்தது. தொலைவை வேகத்தால் வகுத்து விடை காணும் நமது பள்ளிக் கணக்கு, வழிப்போக்கனுக்கு ஒருநாளும் பொருந்தியதில்லை. ஆகாய விமானத்திற்கும் அது நெடுநாள் பொருந்தவில்லை என்றால் வியப்பீர்கள். சென்னை–லண்டன் வழியைக் கொண்டே இதனை விளக்குகிறேன்.

கணிதமேதை சீனிவாச இராமானுஜன் 1914 மார்ச்சு 17ஆம் நாள் ‘நெவாசா’ என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். லண்டனை அடைந்தது ஏப்ரல் 14ஆம் நாள். ஆக, 28 நாட்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டிராவிடில் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றியல்லவா போயிருக்க வேண்டும்!

அவரைவிட அவருடைய கடிதங்கள் விரைந்து சென்றன. பேராசிரியர் ஹார்டிக்கு அவர் முதற்கடிதம் எழுதியது 1913 ஜனவரி 16. ஹார்டி பிப்ரவரி 8இல் விடை எழுதினார். அதனைக் கண்டு இராமானுஜன் மீண்டும் எழுதிய கடிதத்தின் தேதி பிப்ரவரி 27. எனவே கேம்பிரிட்ஜ் மடல் 19 நாட்களுக்குள் சென்னை வந்துவிட்டது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் தபால் இரயிலேறிச் சென்றதே காரணம். ஆயினும், துறைமுக அலுவலகத்தில் கணக்கராயிருந்த அந்த 25 வயது இளைஞருக்கு அவ்வாரங்கள் எவ்வளவு நீண்டிருக்கும்!

1929இல் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனம் லண்டனிலிருந்து கராச்சிக்கு விமானத் தபால் தொடங்கிற்று. விமானம் என்று பெயரே தவிர, பாசிலிலிருந்து ஜெனோவா வரை இரயிலிலேதான் பயணம்! கராச்சி வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. அங்கிருந்து சென்னைக்கு வழி திறந்தது 1932 அக்டோபர் 15ஆம் நாள். ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் கொண்ட ‘புஸ் மாத்’ விமானத்தில் தபாலைப் பம்பாய்க்குக் கொணர்ந்தார். வழியில் அகமதாபாத்தில் இறங்கியபொழுது பெட்ரோல் டின்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. பம்பாயிலிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் தபாலைப் பெற்றுப் பறந்தார். மணிக்கு 100 மைல் வேகம். கராச்சியிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,300 மைல். வகுத்தால் 13 மணி நேரம். ஆனால் இருளில் வழிகாட்டும் கருவி ஏதும் இல்லை. எனவே பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாளே சென்னை வந்தார். பெல்லாரிதான் அன்றைய சத்திரம்.

1948 ஜூன் 8ஆம் நாள் பம்பாயில் புறப்பட்ட ஏர் இந்தியாவின் ‘மலபார் இளவரசி’, கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் நின்று, 10ஆம் நாள் 35 பயணிகளுடன் லண்டனில் இறங்கிற்று. பின்னர் ஜெட் விமானங்கள் வந்தன. நிறுத்தங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

சென்னைக்கும் லண்டனுக்கும் வான்வழித் தொலைவு சுமார் 8,200 கிலோமீட்டர். இடையில் இறங்காமல் பறந்தால் இன்று ஏறத்தாழ 11 மணி நேரத்தில் போய்ச் சேரலாம். திரும்பி வருவதற்கு அவ்வளவு நேரம் ஆவதில்லை. உயர வானில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு கடுங்காற்று வீசுகிறது. போகும்போது அது எதிர்க்கிறது, வரும்போது பின்னிருந்து தள்ளுகிறது.