துணிச் செல்வமும் சமயமும்: புதுச்சேரியில் நயினியப்பர் வழக்கு

அரபு நாட்டில் 1744-ஆம் ஆண்டளவில் முகம்மது இபின் சவூத் என்னும் தலைவரும், அப்துல் வகாபின் மகனான முகம்மது என்னும் சமயப் போதகரும் செய்துகொண்ட உடன்படிக்கையே சவூதி அரசகுலத்திற்கு அடித்தளமாயிற்று. 1938-இல் தம்மாமில் எண்ணெய் கிடைத்தபின், அவ்வரசு குடிகளின் வரியை நம்பியிருக்க வேண்டிய தேவை குறைந்தது. மண்ணுக்கடியிலிருந்து வரும் செல்வம் எவருடைய இசைவையும் கேட்பதில்லை. முடியாட்சியும் சமயமும் செல்வமும் கைகோத்த பிறிதொரு வரலாறு புதுச்சேரியில் உண்டு. ஆனால் அங்கே செல்வமென்பது துணி.

பிரெஞ்சு மன்னர் பெயரால் வணிகக் கம்பெனி ஆண்ட அந்நகரில், நெசவாளரும் வணிகரும் ஒத்துழையாவிடில் கப்பல்கள் வெறுமையாகத் திரும்பவேண்டியதுதான். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்றவர் தலைமைத் தரகரான நயினியப்ப பிள்ளை. அப்பதவி கிறிஸ்தவருக்கே உரியதென இயேசு சபைக் குருக்கள் வற்புறுத்தி வந்தனர். 1715-இல் இந்துக்களின் வழிபாட்டிற்கு விதிக்கப்பட்ட தடைகளை எதிர்த்து மக்கள் நகரைவிட்டு வெளியேறத் துணிந்தபோது, பழி நயினியப்பர் மீது விழுந்தது. 1716-இல் ஆளுநர் எபேர் அவரைச் சிறையிலிட்டார். கடைவீதியில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தண்டம் எனத் தீர்ப்பாயிற்று. பதவி கிறிஸ்தவரான கனகராய முதலியாருக்குச் சென்றது. நயினியப்பர் 1717-இல் சிறையிலேயே மாண்டார்.

வழக்கு பாரிசுக்குச் சென்றது. துணி வணிகத்தில் முதலீடு செய்திருந்த பிரெஞ்சு வணிகரும், இயேசு சபையினருடன் பிணங்கியிருந்த வேறு கத்தோலிக்க மறைபணியாளரும் நயினியப்பர் பக்கமே நின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. மன்னரவை தீர்ப்பை நீக்கிற்று. எபேரே கைதியாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். மகன் குருவப்ப பிள்ளை பிரான்சில் ஞானஸ்நானம் பெற்று, வீரப்பட்டமும் பெற்றுத் திரும்பித் தந்தையின் பதவியில் அமர்ந்தார். அந்த ஞானஸ்நானத்தில் விசுவாசம் எவ்வளவு, பதவி நோக்கம் எவ்வளவு என அளக்க நமக்கு உரிமையில்லை. எனினும் நீதி வழங்கிய முடியாட்சி தன் சமயத்தையும் உடன் வழங்கியே அனுப்பியது.

துணி வணிகம் தந்த இக்காப்பு போர்க்காலத்தில் நிலைக்கவில்லை. 1748 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில், டூப்ளே ஆட்சியில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அதனை ஒட்டியிருந்த இயேசு சபை ஆலயத்தார் நெடுங்காலம் வேண்டிவந்ததும் அதுவே. அவ்விடிப்பைத் தம் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதிவைத்தவர் ஆனந்தரங்க பிள்ளை. நயினியப்பரின் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன். பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின், 1761-இல், ஆங்கிலேயர் நகரைத் தகர்த்தபோது அந்த ஆலயமும் வீழ்ந்தது.